மொட்டையடித்த அப்பிள் மரம்

— அல்லாஹ்வே! அழகையா, மரத்துக்கு என்னத்த செஞ்சீங்க? ஒரு இல இல்லியே!

— நாந்தாங்கம்மா உருவுனேன். நீங்க வத்தேகமவுக்குப் போன மறுநாளு. அத்தனையும் கையால.

— மகள்ட வீட்டுக்குப் போய் இருவது நாள். அதுக்குள்ள மொட்டையடிச்சி வச்சிரிக்கீங்க. எங்கட அவர் ஆசையா வச்ச மரம் எண்டு தெரியும்தானே?

— தெரியுங்கம்மா. தொர சீமைக்குப் போறப்ப மொதலாளிக்குக் குடுத்த கன்னு. குழி வெட்டுனதே நாந்தானுங்களே.

— எட்டு வருஷம். விடிய சுபஹு தொழுதிட்டு வந்தா முதல் இதத்தான் பாப்பார். 'ருக்கியா, ஒரு நாளைக்கு இது பூக்கும், அம்பிட்டிய ஊரே வந்து பாக்கும்' எண்டு சொல்லிச் சொல்லியே மவுத்தாப் போனார். பூக்காட்டியும் பச்சையா நிண்டிச்சே!

— திட்டுங்கம்மா. வேலய விட்டுப் போன்னாலும் போறேன். ஒன்னு மட்டும் கேளுங்க. போன வருஷம் மொதலாளி போய்ச் சேந்து, நீங்க இத்தாவுல வெளிய வராம உள்ளயே இருந்தப்ப, அந்த மேக்காலக் கொப்புல கம்பளிப்பூச்சி விழுந்துச்சுங்க. ஒரு எல விடாம தின்னுப்புடுச்சு.

— அதுக்கு?

— அந்தக் கொப்புல மட்டும் நாலு பூ பூத்துச்சுங்க.

— பூத்ததா? எனக்கு ஏன் சொல்லல்ல?

— அழுதுக்கிட்டு இருந்தவங்ககிட்ட பூவப் பத்தி எப்படிங்க பேசுறது? மறுநாளு மழையில அதுவும் கொட்டிப் போச்சு. அப்பறந்தான் யோசிச்சேன். சீமையில குளுருக்கு எல கொட்டி மரம் தூங்குமாம், முழிச்சதும் பூக்குமாம். இங்க அதுக்குத் தூக்கமே இல்லீங்களே.

— அதுக்கு என்னக் கேக்காம...

— கேட்டா விட்டிருப்பீங்களா?

— விட்டிரிக்க மாட்டேன்.

— கொஞ்சம் கிட்ட வாங்கம்மா. இந்தக் கொப்பப் பாருங்க.

— என்னது, குண்டுமணி மாதிரி செகப்பா...

— மொக்குங்க. மேலயும் பாருங்க, கொப்புக்குக் கொப்பு.

— யா அல்லாஹ்... இங்கயும் இரிக்கி. இங்கயும். அழகையா, இது விரிஞ்சிரிச்சி! வெள்ள... இல்ல, ரோசா நிறம்!

— காய் புடிச்சா இன்னும் அழகா இருக்குமாம். இந்தச் சாதி அப்பிள வாயில வைக்க முடியாதாம், அம்புட்டுப் புளிப்பு. பாக்கத்தான்.

— காய்க்க எத்தின மாசம் செல்லும்?

— நாலு மாசம் ஆகுங்க. ஏம்மா கண்ணத் தொடைக்கிறீங்க?

— ஒண்டுமில்ல. நாளைக்குக் காலையில கண்டியிலருந்து ஒரு ஹாஜியார் வருவார்.

— மரம் பாக்கவாங்க?

— இந்த வீட்ட வாங்கிறதுக்கு. வித்திட்டு மகளோட போய் இரிக்கிறதெண்டு பேசி முடிச்சிட்டுத்தான் வந்த நான். அவர் வந்தா நல்ல தேத்தண்ணி ஒண்டு குடுத்து, வீடு விக்கிறதுக்கில்ல எண்டு சொல்லி அனுப்புங்க.