உபயோகிக்கும் முன்

— சிரிக்காதீங்க சார். சினிமா கொட்டாயில அவனுங்க சிரிச்சதே போதும்.

— உன்னைப் பாத்துச் சிரிக்கலம்மா. நூர் பாய் கடையில டீ ஓசியில வருதேன்னு சிரிச்சேன்.

— ஓசி இன்னா ஓசி, துளசிராமன் சார். உங்க கம்பெனி கணக்குல எழுதிக்குவேன். குணசுந்தரி, நீ மொதல்ல உள்ள வந்து உக்காரு. தணிகாசலம் பொண்ணு என் கடை வாசல்ல நின்னு அழுதான்னு மீஞ்சூர் பஜாரு பூரா பேசும். யாவாரத்துக்குப் பேஜாரு.

— நான் அழுவல பாய். கேக்க வந்தேன். மூஞ்சிக்குப் பூசற பால்நிலா ஸ்நோ விளம்பரத்துக்குப் படம் புடிக்கறேன்னு இதே கடையில வெச்சி இந்த சாரு இன்னா சொன்னாரு? ‘உபயோகித்த பின்’னு போட்டு அதுக்குக் கீழ என் மூஞ்சி வரும்னு சொன்னாரா இல்லியா?

— சொன்னேன்மா. இல்லேங்கல.

— கழனிலேர்ந்து நேரா வந்தவளை நிக்க வெச்சி, லைட்டு சரியா கீதான்னு பாக்க ஒண்ணு புடிச்சீங்க. அப்பால பட்டுப்பொடவ கட்டிக்கினு வரச்சொல்லி ஒண்ணு புடிச்சீங்க. பட்டுப்பொடவ எங்க சார் பூட்ச்சி?

— கம்பெனியில ரெண்டையும் பாத்தாங்க. லைட்டுக்கு எடுத்ததுதான் பிரமாதம்னுட்டாங்க. நான் பெட்டி தூக்கிட்டு ஊர் ஊராப் போறவன். என்னைக் கேட்டா செய்யறாங்க?

— அதுக்கு மேல ‘உபயோகிக்கும் முன்’னு எழுதிட்டீங்க. பக்கத்துல ‘பின்’னு எவளோ ஒருத்தி பல்லக் காட்டறா. யாரு அவ?

— பம்பாய்ப் பொண்ணு.

— நான் ஸ்நோ பூசினா பம்பாய்க்காரி ஆயிடுவேனா? எனக்கு மூக்குத்தி கீது, அவளுக்கு மூக்கே குத்தல. நெறம் மாறட்டும், ஓட்டை எப்பிடி சார் தூந்து போச்சி?

— இத்தனை ஊர்ல ஒருத்தி அதைக் கேக்கலம்மா. எல்லாரும் நிறத்தைத்தான் பாக்கறாங்க.

— எவளாவது கேட்டா நான் சொல்லிக்கறேன் சார், ஓட்டையும் அடைக்கும்னு. ரெண்டு டப்பா சேத்து வாங்குவாளுங்க.

— உங்களுக்கு வேடிக்கையா கீது பாய். பொன்னேரி டூரிங் கொட்டாயில ரீலு மாத்தறப்ப சிலேடு போட்டாங்க பாருங்க, அன்னிக்கி கும்மிடிப்பூண்டிலேர்ந்து என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போன குடும்பமே பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்துது. மாப்பிள்ளை, அவங்கம்மா, தங்கச்சிங்க எல்லாரும். திரை முழுக்க என் மூஞ்சி. தரை டிக்கெட்டுல ஒருத்தன் கத்தறான், ‘இதுக்கு டப்பா பத்தாதுடா, மூட்டையா அனுப்பு’ன்னு.

— ஐயோ. மாப்பிள்ளை இன்னா சொன்னான்?

— அவங்கம்மாதான் சொல்லி அனுப்பிச்சாங்க. நேர்ல பாக்கறப்ப என்னைப் புடிச்சிதான் இருந்துதாம். இப்ப, கருப்புன்னா இதான்னு ஊருக்கே காட்டற மூஞ்சியை ஊட்டுல வெச்சிக்க முடியாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சிலேடு எறங்கினா தட்டு மாத்த வருவாங்க. எறங்கலன்னா ஊத்துக்கோட்டையில வேற பொண்ணு பாத்து வெச்சிக்கறாங்க.

— இறக்க முடியாதும்மா. ஏன்னு சொல்றேன் கேளு. போன வருஷம் பம்பாய்ப் பொண்ணை மட்டும் தனியாப் போட்டோம். எத்தனை டப்பா வித்துது பாய்?

— விக்காம கெடந்ததை நானே எடுத்து செருப்புக்குத் தேச்சேன் சார். செருப்பும் வெளுக்கல.

— பாத்தியா? அழகானவளைக் காட்டினா, நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வேர்க்கடலை வாங்கப் போயிடறாங்க. உன்னைக் காட்டின பின்னாடி, ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை எடுக்கறா. அவ கண்ணாடியை எடுத்தா என் பெட்டி காலி.

— அம்மாம் அசிங்கமாவா சார் கீறேன் நான்?

— அசிங்கமா இருந்தா உன்னை ஏன் எடுக்கப் போறேன்? அப்படிப்பட்டவளைப் போட்டா, நாம இவ்வளவு மோசமில்லன்னு நிம்மதியாத் தூங்குவாளுங்க. நீ லட்சணமா இருக்கே. இவளே ‘முன்’னா நாம எந்த மூலைக்குன்னு பயம் வருது பாரு, அந்தப் பயத்தைத்தான் டப்பாவுல அடைச்சு விக்கறோம்.

— சாரு சொல்றது நெசம், குணசுந்தரி. நேத்து அத்திப்பட்டுப் பொண்ணு ஒருத்தி, வளத்த கோழியை வித்துட்டு வந்து ஸ்நோ வாங்கினு போனா. உன்னைவிட நல்ல செவப்பு.

— எங்கப்பா கிட்ட நெல்லு வாங்கறவரு நீங்க. உங்களை நம்பித்தான் பாய் அன்னிக்கி நின்னேன்.

— நெல்லும் வாங்கறேன், ஸ்நோவும் விக்கறேன். நெல்லுக்கு உங்கப்பன் பொழுது சாயற வரைக்கும் பேரம் பேசுவாரு. இதுக்கு எந்தப் பொண்ணும் வாயைத் தெறக்கறதில்ல, சொன்ன வெலையை வெச்சிட்டு முந்தானைல மறைச்சி எடுத்துக்கினு போயிடுது. என்னை இன்னா செய்யச் சொல்றே?

— சரி. சார், கடைசியா ஒண்ணு கேக்கறேன். இன்னா செஞ்சா என் படம் எறங்கும்?

— அந்த எடம் காலியாக் கெடக்கக் கூடாது. வேற மூஞ்சி வந்தா, நாளைக்கே மெட்ராஸ்ல சிலேடு மாத்தி எடுத்துட்டு வந்துடுவேன். ஆனா இந்தப் பக்கத்துப் பொண்ணா இருக்கணும், லட்சணமா இருக்கணும், நம்பி வந்து நிக்கணும். உனக்கு நடந்தது தெரிஞ்சா எவம்மா வருவா?

— அவளுக்குத் தெரியாது. காட்டூர்ல கீறா. எங்க மாமா அவளைக் கொட்டாய்ப் பக்கமே வுடமாட்டாரு.

— யாரைச் சொல்றே?

— எங்க மாமன் பொண்ணு, பூவம்மா. வெளிய நிக்கறா.

— யா அல்லா. அவளுக்கும் மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்காங்களே. இன்னா சொல்லிக் கூட்டினு வந்தே?

— ‘பின்’னுல போடுவாங்கன்னு சொன்னேன் பாய். ஊட்டுலேர்ந்து கெளம்பறப்ப முகம் பூரா பவுடரு பூசிக்கினு வந்தா. அது கரையட்டும்னுதான் இம்மா நேரம் வெயில்ல நிக்க வெச்சிருக்கேன். இப்ப கூப்புடவா சார்?