உயரம் என் பொறுப்பு

தர்பூசணி என்றால் எனக்கு உயிர். ஆனால் வண்டிக்குக் குடிபோன பிறகு ஒரு முழுப் பழம் வாங்கியதில்லை. ஒரு கீற்று வாங்கிக் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டுத்தான் ஏறுவேன். பழம் கூடையில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும் வண்டிக்கு ஒரே பாரம்தான் என்பார் என் வீட்டுக்காரர். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று முதலில் நானும் சிரித்தேன்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள், மரியாதையாக உட்கார வைத்தீர்கள். அதனால் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த அறை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுந்து சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வர முடிகிறது, யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில்தான் அவர் காலமெல்லாம் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்றார். அந்தப் பணத்தில் இந்த வீட்டு வண்டியை வாங்கினார். உள்ளே அடுப்பு, மடக்கு மேசை, கழிப்பறை, பின்னால் ஒரு கட்டில். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே பரண் மாதிரி இன்னொரு படுக்கை, அதற்கு ஒரு சின்ன ஜன்னல். ஊர் ஊராகச் சுற்றலாம் என்றார். சுற்றினோம். வெளியே ஊர் மாறிக்கொண்டே இருந்தது, எனக்கு என்னவோ அதே சுவர்தான். அவர் நடந்தால் நான் உட்கார வேண்டும். நான் நடந்தால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

பாரம் கூடினால் டயர் வெடிக்கும், பிரேக் சொன்னபடி கேட்காது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் உள்ளே வரும் எதையும் நிறுத்துப் பார்ப்பார். புதுப் போர்வை வந்தால் பழைய போர்வை வெளியே. என்னையும் அந்த எடை மெஷினில் ஏற்றுவார். "ஏறிட்ட போலிருக்கே, இந்த வாரம் அரிசியைக் குறைச்சுக்கலாம்" என்பார். அவர் மட்டும் ஏறிப் பார்த்து நான் கண்டதில்லை.

அப்படித்தான் ஒருநாள் என் தையல் மெஷின் போனது. கல்யாணத்துக்கு முன்னால் நானே சம்பாதித்து வாங்கியது. ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில், மரத்தடியில் இறக்கி வைத்தார். "யாராவது ஏழைபாழை எடுத்துப்பாங்க. புண்ணியம்தானே?" என்றார். பின் ஜன்னலில் அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கழிப்பறைக்குள் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த வண்டியில் மூச்சுவிட்டாலே முன்னால் கேட்கும்.

எடை அவர் பொறுப்பு என்றால் உயரம் என் பொறுப்பு. உயரம் சும்மா நிற்கிற விஷயம், அதற்கு மூளை வேண்டாம் என்று என் தலையில் கட்டினார். நானும் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தேன். ஏணியில் ஏறி, கூரையிலேயே உயரமான இடத்தில் ஒரு கம்பைப் படுக்கையாக வைத்து, அதன் நுனியிலிருந்து தரைக்கு டேப்பை இறக்குவேன். மூன்றேகால் மீட்டர். அதைச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியதும் நான்தான். பாலம் வந்தால் அவர் பலகையை ஏறிட்டும் பார்க்க மாட்டார். "உயரம்?" என்பார். நான் "போகும்" என்றால் போவார், "போகாது" என்றால் திருப்புவார். எங்கள் வாழ்க்கையில் என் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசாத ஒரே இடம் அது. சீட்டு கண்ணெதிரே இருந்தும் அவ்வளவு பெரிய எடைக்காரருக்குத் தன் வண்டியின் உயரம் தெரியாது.

இறங்கிப் போயிருக்கலாமே என்கிறீர்கள். எங்கே போவது? வீடு இல்லை, கையில் காசு இல்லை. ஒரே ஒரு அறை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று கெஞ்சினேன். இஸ்திரி போட்டாவது வாடகை கட்டுகிறேன் என்றேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாகுற வரைக்கும் இதான் வீடு. இனிமே அந்தப் பேச்சே வேணாம்." நான் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். கெடு அவர் வைத்தது.

பிறகு அவருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் தம்பியை வரச்சொன்னோம், அடுத்த ஊர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டுவதற்கு. தங்கமான பிள்ளை. ஆனால் கார் ஓட்டிப் பழகியவனுக்குத் தலைக்கு மேலே இன்னும் வண்டி இருக்கிறது என்பதே நினைவில் நிற்காது. அவரைப் பின் கட்டிலில் படுக்க வைக்கப் போனான். "மேல படுங்க, ஜன்னல் இருக்கு, காத்து வரும்" என்று நான்தான் பரணில் ஏற்றினேன். காய்ச்சல்காரருக்குக் காற்று வேண்டாமா? உயரம் எழுதிய அந்தச் சீட்டு ஓரம் கிழிந்திருந்தது. புதிதாக எழுதி ஒட்டலாம் என்று அதையும் உரித்திருந்தேன்.

வழியில் சாலைக்குக் குறுக்கே ரயில் பாலத்தின் இரும்பு உத்தரம். இரண்டே முக்கால் மீட்டர் என்று பலகை. தம்பி தள்ளியே நிறுத்திவிட்டான், பாவம்.

"அண்ணி, நம்ம வண்டி எவ்ளோ உயரம்?"

"ரெண்டரைதான் தம்பி. தாராளமா போகும்."

"பாத்தா இடிக்கிற மாதிரி இருக்கே."

"கீழேருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நான் இறங்கி நின்னு கை காட்டுறேன். பின்னால லாரி வருது, தயங்காம வேகமா வந்துடு."

லாரி எதுவும் வரவில்லை.

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் ஒடிந்து கிடக்கிறான். அண்ணனைக் கொன்றுவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறானாம். உங்கள் ஸ்டேஷன் ஆட்களும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்களாம். அதைக் கேட்டுத்தான் நானாகவே இங்கே வந்தேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள். என் மேலும் எவ்வளவு தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது. கூரை நசுங்கினால் ஓட்ட முடியாது. ஓட்ட முடியாவிட்டால் எங்காவது ஒரு அறை பார்த்துத்தானே ஆகவேண்டும்? மனிதருக்குத் தீங்கு நினைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள், கை காட்டுவதற்கு முன்னால் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று. நான் பாலத்துக்கடியில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பரண் ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்திருந்தார், இறங்கப் போகிறவர் மாதிரி.

"உயரம் பாத்தியா?" என்றார்.

"பாத்துட்டேன், போகும். நீங்க படுங்க" என்றேன்.

என் பேச்சைக் கேட்டு அவர் படுத்தார். தலையணையில் தலை வைத்துவிட்டாரா என்று பார்த்துக்கொண்டுதான் கையை அசைத்தேன்.