ஹம்னாவோட வாப்பா பேரு

அந்தக் கார்டெல்லாம் உள்ள வைம்மா, கீழ விழுந்துடப் போகுது. பாஸ்போர்ட் ஒண்ணு கையில இருந்தா போதும். ஸ்டூடண்ட் பாஸு, யூனிவர்சிட்டி கார்டு, இது என்ன, ஆதாரா? ரப்பே! ஆதார் கார்ட எதுக்கும்மா ஜேபிக்குத் தூக்கிட்டு வந்தே? மலேசியா பக்கம் ஜேபி செக்போஸ்ட்ல இருக்கறவனும் கேக்க மாட்டான், சிங்கப்பூர் பக்கம் உட்லண்ட்ஸ்ல இருக்கறவனும் கேக்க மாட்டான். மொத தடவையா? அதான் பயம். நல்லா சாஞ்சு உக்காரு. வெள்ளிக்கிழம சாயங்காலம் பாலத்து மேல மாட்டுன பஸ்ஸு, அது பாட்டுக்கு நிக்கும். கிளமெண்டிக்கு எப்பப் போய்ச் சேருவோம்னு இப்பவே நெனைக்காத.

உன்னச் சொல்றேன், நானே இன்னைக்கு ஒரு ஃபைல் நெறையக் கொண்டு போனவதான். பாஸ்போர்ட்டு, ஐசிங்கற அடையாளக் கார்டு, என்னோட நிக்காஹ் சர்டிபிகேட்டு, அப்புறம் ஒருத்தர் எறந்துபோன மவுத்து சர்டிபிகேட்டு. ஷாப்பிங்கா? எந்த ஊர்லம்மா மவுத்து சர்டிபிகேட்டக் காட்டி ஷாப்பிங் பண்றாங்க! கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஜேபி ஷரியா கோர்ட்டுக்கு. சாட்சி சொல்ல.

மொகத்த அப்படி வச்சுக்காத, கொலக் கேஸெல்லாம் இல்ல. ஒரு பிள்ளைக்கு வாப்பா பேரு இல்ல, அவ்ளோதான் கேஸு. ஹம்னான்னு பேரு. இப்பதான் ஸ்கூல்ல சேந்திருக்கு, முன் பல்லு ரெண்டும் விழுந்து கெடக்கு. அவ உம்மா மர்யம் ஜேபியில தையக்கட வச்சிருக்கா. அவளுக்கும் ஒரு சிங்கப்பூர்க்காரருக்கும் தாய்லாந்து பக்கம் போய் நிக்காஹ் ஆயிருக்கு. ஏன் அங்கயா? இங்க பண்ணா ஆயிரம் கேள்வி கேப்பாங்கல்ல. திரும்பி வந்து ஜேபியில பதியணும். பதியல. பதியலன்னா பொறந்த பத்திரத்துல வாப்பா எடம் காலி. அப்படிக் காலியா இருக்கற பிள்ளைங்களுக்குன்னே ஒரு பேரு வச்சிருக்காங்க, ஹம்னா பிந்தி அப்துல்லான்னு. அப்துல்லாவோட மகள்னு அர்த்தம். யாரு அந்த அப்துல்லா? யாரும் இல்ல. ஸ்கூல்ல கூடப் படிக்கிற பிள்ள கேட்டுருக்கு, உன் வாப்பா பேரு யாக்கூப்புங்கற, டீச்சர் வேற பேர்ல கூப்பிடறாங்க, எது நெசம்னு. அது வீட்டுக்கு வந்து அழுதிருக்கு.

பதியலாம் பதியலாம்னு தள்ளிப்போட்டவரு இந்த வருஷ ஆரம்பத்துல மவுத்தாயிட்டாரு. இப்ப அந்தத் தாய்லாந்து பேப்பரு மர்யம் கையில இருக்கு. ஆனா அதுல இருக்கற யாக்கூப்பும் சிங்கப்பூர்ல மவுத்தான யாக்கூப்பும் ஒரே ஆளுதான்னு யாரு சொல்றது? இவருதான் இந்தப் பிள்ளைக்கு வாப்பான்னு யாரு சொல்றது? அன்னைக்குச் சாட்சியா நின்ன ரெண்டு பேர்ல ஒருத்தர் இப்ப இல்ல, இன்னொருத்தர் எங்க இருக்காருன்னே தெரியல.

நான் கேட்டேன்லா. அவரு வாயால சொன்னத நான் கேட்டேன். ஆஸ்பத்திரியில கடைசியாத் தெளிவாப் பேசுன அன்னைக்கு, ஜேபியில எனக்கு ஒரு மக இருக்கு, ஹம்னான்னு பேரு, பேரில்லாம விட்டுட்டேன், என் பேரச் சேத்துடுங்கன்னு சொன்னாரு. பக்கத்துல மூணு பேரு நின்னோம். மூணு பேரு காதுலயும் விழுந்துச்சு. ஒருத்தன் ஜன்னலப் பாத்துத் திரும்பிக்கிட்டான். ஒருத்தன் போன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டான். நான் அவருக்குக் குடுக்கத் தண்ணி கையில வச்சிருந்தேன். குடுக்கல. அப்படியே நின்னேன். அவரு வாயப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் குடுத்தேன்.

அந்த ரெண்டு பேரா? என் மகனுங்கதான். பெரியவன் ஜாஃபர், சின்னவன் இம்ரான். நாங்க ஏன் அங்க நின்னோமா? நின்னோம்மா. முழுசாக் கேளேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மர்யம் வீட்டுக்குப் போன் பண்ணுனா. ஜாஃபர் எடுத்து, ராங் நம்பர்னு வச்சுட்டான். மறுபடி அடிச்சப்ப நான் எடுத்தேன். அவ அழல. அழுதிருந்தா நானும் வச்சிருப்பேன். ராத்தா, வேற ஒண்ணும் எங்களுக்கு வேணாம், பிள்ளைக்குப் பேரு மட்டும் வாங்கிக் குடுங்கன்னா. கோர்ட்டு எந்தத் தேதின்னு கேட்டேன்.

வீட்ல ஒரே ரகள. உம்மா, சிராங்கூன் ரோட்டுல கட வச்சிருக்கோம், வாப்பா காலத்துல இருந்து நாலு பேரு மதிக்கறாங்க, ஊரு சிரிக்கும்ங்கறான் ஜாஃபர். சிரிக்கட்டும்டா, சிரிச்சா ஒடம்புக்கு நல்லதுன்னேன். இம்ரான் இருக்கானே, அவன் பதவிசாப் பேசுவான். நாங்க ஒண்ணும் கேக்கலையே உம்மா, உங்களுக்கு அந்த நேரத்துல மனசு சரியில்ல, என்னமோ காதுல விழுந்திருக்கும்ங்கறான். எனக்கு எதும்மா சரியில்ல? முட்டி ஒண்ணுதான் சரியில்ல. காது நல்லாத்தான் கேக்குது.

கடைசியா ஜாஃபர் என்ன சொன்னான் தெரியுமா? உங்க பாஸ்போர்ட்டுதான் எக்ஸ்பயர் ஆயிடுச்சே, எப்படிப் போவீங்கன்னான். சந்தோஷமாச் சொன்னான் அத. அப்ப நான் இத்தாவுல இருந்தேன். இத்தா தெரியாதா? புருஷன் மவுத்தானா பொம்பள வீட்டோட இருக்கற காலம். ஆமாம்மா, வீட்டுக்காரர் இல்ல எனக்கு. இத்தா முடிஞ்ச மறுநாளே தேக்காவுக்குப் போய்ப் போட்டோ எடுத்தேன். கீழ் மாடியில ரக்ஷனான்னு ஒரு பொண்ணு, அதுதான் ஆன்லைன்ல அப்ளை பண்ணிக் குடுத்துச்சு. நானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன். பாட்டி, போட்டோல மொறச்ச மாதிரி இருக்கீங்கன்னுச்சு. மொறச்சுக்கிட்டுதான்லா இருந்தேன்.

இன்னைக்குக் காலையில கெளம்பறப்ப ஜாஃபர் மேச மேல ஃபைலப் பாத்துட்டான். ஜேபிக்குப் போறதுன்னா பாஸ்போர்ட் போதும், போய்ச் சாப்ட்டுட்டுச் சுத்திட்டு வாங்க, நிக்காஹ் சர்டிபிகேட் எதுக்குன்னு அத உருவி கக்கத்துல வச்சுக்கிட்டான். குடுடான்னேன். மாட்டேன்னான். சரி நீயே வச்சுக்க, போன வாரமே நிக்காஹ் பதியற ஆபீஸ்ல சீல் போட்ட காப்பி வாங்கிட்டேன்னேன். அவன் மொகத்த நீ பாத்திருக்கணும்.

சாட்சிக்கு எதுக்கு நிக்காஹ் சர்டிபிகேட்டா? நல்லாக் கேட்டே. பார்டர்ல யாரும் கேக்கல. பாஸ்போர்ட்டத் தொறந்து மொகத்தப் பாத்தான், அடிச்சுக் குடுத்தான், போயிட்டேன். கோர்ட்டுல அப்படி விடுவாங்களா? நீ யாரு, உன் பேச்ச நாங்க எதுக்கு நம்பணும்னு கேப்பாங்கல்ல.

கேட்டாங்க. கூண்டெல்லாம் இல்லம்மா, மேச நாற்காலிதான். எல்லாம் மலாய்லதான். இந்தப் பேப்பர்ல இருக்கற யாக்கூப்ப உங்களுக்குத் தெரியுமான்னாரு ஜட்ஜு. தெரியும்னேன். மவுத்து சர்டிபிகேட்டக் குடுத்தேன், ஐசி நம்பர ரெண்டுலயும் ஒத்துப் பாத்தாரு. ஆஸ்பத்திரியில அவரு என்ன சொன்னாருன்னு கேட்டாரு. ஒரு வார்த்த கூட்டாம கொறைக்காம சொன்னேன். நீங்க அவருக்கு என்ன உறவுன்னாரு.

பொண்டாட்டின்னேன். மொத பொண்டாட்டி.

ஆமாம்மா. எங்க வீட்டுக்காரரேதான்.

எழுதிக்கிட்டிருந்த பொண்ணு பேனாவ நிறுத்திட்டு என்னப் பாத்துச்சு. ஜட்ஜும் சர்டிபிகேட்டப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. இப்படிச் சொல்லச் சொல்லி யாராச்சும் உங்கள வற்புறுத்துனாங்களான்னாரு. வரக்கூடாதுன்னுதான் வற்புறுத்துனாங்கன்னேன். உங்க சாட்சிய ஏத்துக்கறேன்னாரு. ஆர்டர் போட்டுட்டாரு. இனிமே அது ஹம்னா பிந்தி யாக்கூப்.

வெளிய வந்ததும் மர்யம் என் கையப் புடிச்சா. நான் உருவிக்கிட்டேன். அதெல்லாம் இன்னும் வரல எனக்கு. வாரா வாரம் கடைக்குச் சரக்கு எடுக்கப் போறேன்னு இந்தப் பாலத்துலதான போனாரு மனுஷன்? அவர மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. மன்னிக்கல. மன்னிக்கறதும் விடறதும் எனக்கும் அவருக்கும் உள்ளது, நான் பாத்துக்கறேன். அதுக்கு அந்தப் பிள்ள என்னம்மா பண்ணுச்சு? பல்லில்லாத வாய வச்சுக்கிட்டு, உங்கள நான் எப்படிக் கூப்பிடணும்னு கேக்குது. பெரியம்மான்னு கூப்பிடுன்னேன். யோசிச்செல்லாம் சொல்லல.

பஸ்ஸு நகருது பாரு. செக்கிங்குக்கு எறங்கறப்பப் பைய விட்டுட்டுப் போயிடாத, இதே பஸ்ஸு நமக்காக நிக்காது.

என்ன கேட்டே? வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவேனா? ஸ்கூல் லீவுக்கு ஹம்னாவ பாசிர் ரிஸுக்கு வரச் சொல்லியிருக்கேன். கடல் பக்கம்தான் வீடு, வெளையாடட்டும். ஜாஃபர்கிட்டதான் காரு இருக்கு. உன் தங்கச்சி வர்றா, உட்லண்ட்ஸ்ல போய் நின்னு கூட்டிட்டு வாடான்னு சொல்லுவேன்.