இந்த மூஞ்சிக்குக் குடுக்காதீங்க

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கல் கடையில் காய்ச்சல் மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் கடைக்காரரிடம் சொன்னார்:

“அண்ணே, இந்த மூஞ்சிய நல்லா பாத்துக்கோங்க. இனிமே நான் வந்து வலி மாத்திர கேட்டா குடுக்காதீங்க.”

அவருக்கு மூக்கு ஒழுகியது. அந்த வெயிலிலும் கை முழுக்கப் புல்லரித்திருந்தது. பக்கத்தில் அவர் மனைவி பையோடு நின்றிருந்தார்.

“இன்னாய்யா, முதுகு வலி போய்ட்ச்சா?”

“அது போய் ரொம்ப நாளாச்சி. மாத்திரதான் போவல. போடலன்னா காலு கொடையுது, தூக்கம் வரல. விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில காட்டிக்கினு இருக்கோம். அவங்க குடுக்கறத இவதான் வச்சிக்கினு வேளாவேளைக்குத் தர்றா.”

“நாளைக்கே வந்து என் கால்ல உழுந்தா?”

“உழுவேன். திட்டி அனுப்புங்க.”

“அடுத்த கடைக்குப் போவே.”

“அங்கெல்லாம் போன வாரமே சொல்லியாச்சி.”

அந்த அம்மா கடையின் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

“எல்லாக் கடையிலயும் சொல்லியாச்சின்னு எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணியே. இது எங்கருந்து வந்திச்சி?”

“இது ஒண்ணு இருக்கட்டும்னு உட்டு வச்சிருந்தேன்.”

கடைக்காரர் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

“இன்னும் எத்தினி உட்டு வச்சிருக்கே?”

“இதான் கடைசி.”

“நம்பலாமா?”

“நம்பாத. கையப் புடிச்சிக்கோ, பஸ்ஸு நிக்குது.”

அந்த அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.