உறைந்த குழாய்கள் உருகும்வரை உடன் நின்ற மருத்துவருக்கு

சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ப் பிரிவின் சீர்மிகு தலைமை மருத்துவரே! கறார்க் குரலும் கலங்காக் கரமும் கொண்ட எங்கள் தலைவியே! நல்லதற்கென்றும் பொய்யை நாவால் தொடாத நேர்மையாளரே! இன்று பணிநிறைவு பெறும் தங்கள் முன் உடன் உழைத்தோர் ஒன்றுகூடிப் படிக்கும் மடல் இது.

இன்முகம், இன்சொல் என்று தொடங்குவதே மடல்களின் வழக்கம். அப்படித் தொடங்கினால் முதலில் நகைப்பவர் தாங்களாகவே இருப்பீர்கள். இப்பிரிவில் தங்கள் சிரிப்பைக் கண்டவர் சிலர். ஏச்சு வாங்காதவர் எவருமிலர். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

சிறுநீர்ப்பைக்குள் வாரந்தோறும் குழாய்வழி செலுத்தும் மருந்து புற்றைத் தானே கொல்வதில்லை. உடம்பின் காவற்படையைத் தட்டியெழுப்பிப் புற்றின்மேல் ஏவுகிறது. சிலருக்குப் படை எழுகிறது, சிலருக்கு எழுவதேயில்லை. எழாதவருக்கு, மருந்து பலிக்கவில்லை என்று தெரியவருமுன் மாதங்கள் போய்விடும். சில நேரம் உயிரும் போய்விடும். படை எழுந்தால் அதன் அடையாளப் புரதங்கள் சிறுநீரில் இறங்கியே தீரும், அவற்றை அளந்தால் யாருக்குப் பலிக்கும் என்பதை முன்னரே அறியலாம் என்று நம்பினீர்கள். பிறர் மூக்கைப் பொத்திக் கடந்துபோன குடுவைகளின் முன்னே முப்பதாண்டுப் பணியில் பாதியைக் கழித்தீர்கள்.

பின்னர் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. கிடைத்த புட்டிகள் பாதிப் பேருக்குக்கூடப் போதவில்லை. சீட்டுக் குலுக்கலாமா, வயதைப் பார்க்கலாமா என்று கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். "என் பரிசோதனைய முழுசா நம்ப முடியாது. ஆனா கண்ண மூடிட்டுப் பங்கு போடறதுக்கு இது மேல்," என்றீர்கள் தாங்கள். படை எழாதவருக்கு மருந்தை நிறுத்தி அறுவையைப் பரிந்துரைப்பது என்று முடிவாயிற்று. அதை ஒவ்வொருவரிடமும் சொல்லும் பொறுப்பை யார் தலையிலும் கட்டாமல் தாங்களே ஏற்றீர்கள்.

அப்படித்தான் அந்த லாரி ஓட்டுநர் தங்கள் எதிரே அமர்ந்தார். அருகில் அவர் மனைவி. சிறுநீரில் ஒன்றுமே தென்படவில்லை, மருந்தை நிறுத்திவிட்டுச் சிறுநீர்ப்பையை எடுத்துவிடுவதே உயிருக்கு நல்லது என்றீர்கள்.

"மூத்திரத்தப் பாத்து ஜோசியம் சொல்றீங்களா?" என்று கொதித்தார் அவர்.

"ஜோசியமா இருந்தா நல்லதாச் சொல்லியிருப்பேன்."

"என் மருந்த எடுத்து யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"அது வேலை செய்யற உடம்புக்கு."

அவர் எழுந்து போய்விட்டார். பையை எடுத்துவிட்டால் இரவும் பகலும் வண்டி ஓட்டுவது எப்படி என்று வீட்டில் புலம்பினாராம். ஆள் அனுப்பினீர்கள், தொலைபேசியில் கெஞ்சினீர்கள், கெஞ்சியே அறியாத தாங்கள்! அவர் திரும்பி வந்தபோது புற்று எலும்பைத் தொட்டிருந்தது. இப்பிரிவின் கோடிக் கட்டிலில், மழைபெய்த ஒரு பிற்பகலில் அவர் மூச்சு நின்றது.

சில வாரங்கள் கழித்து அவர் மனைவி ஆய்வகத்துக்கே வந்தார்.

"அந்த மருந்தையே தொடர்ந்து போட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தங்கள் பாரம் இறங்கியிருக்கும். "பொழைச்சிருக்க மாட்டார்னுதான் நெனைக்கிறேன். ஆனா உறுதியாத் தெரியாதும்மா," என்றீர்கள்.

"அவரோட மூத்திரத்த இன்னும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கீங்களாமே. அத வச்சு உங்க டெஸ்ட்டு சரின்னு ஊருக்குக் காட்டப் போறீங்களா? வேண்டாம். கொட்டிருங்க."

எங்களுள் ஒருவர் தங்களைத் தனியே அழைத்து மன்றாடினார். "ஆய்வுக்குன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது, டாக்டர். நம்மளோடது சின்ன ஆய்வு. இவர எடுத்துட்டா நிக்காது."

"நிக்காட்டி உக்காரட்டும். அவர் கையெழுத்துப் போட்டது பொழைப்போம்னு நெனச்சு."

ஓட்டுநரின் சிறுநீர் உறைந்த குழாய்களைத் தாங்களே எடுத்துவந்து தொட்டியருகே அடுக்கினீர்கள். உருக வெகுநேரம் பிடித்தது. நாற்காலி போடச் சொன்னீர்கள். அவர் மனைவி உட்காரவில்லை, எனவே தாங்களும் உட்காரவில்லை. பனி விட்டதும் முதற்குழாயைக் கவிழ்த்தவர் அவர். மீதியைத் தாங்கள் கவிழ்த்தீர்கள். கை கழுவிக்கொண்டு அவர் போனார்; திரும்பிப் பார்க்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

ஆய்வு உண்மையிலேயே நிற்கவில்லை. அனுப்பிய கட்டுரை திரும்பி வந்தது. நிரூபணமாகாத பரிசோதனை என்று நிர்வாகம் அதை நிறுத்தியது. முதலில் வந்தவருக்கு முதலில் மருந்து என்றாயிற்று. புதியவர்களைச் சேர்த்து மீண்டும் நிலைநாட்ட ஈராண்டு ஆனது. அதற்குள் யாருக்கு மருந்து வீணாயிற்று, யாருக்கு எட்டாமற் போயிற்று என்று எண்ணிப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் நினைவில் வைத்திருப்பவர் தாங்கள் ஒருவரே. செய்தது சரிதானா என்று ஒருமுறை கேட்டோம். "எனக்கும் தெரியல. அந்தம்மா கேட்டாங்க, செஞ்சேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டீர்கள்.

மறைக்காத மனமே! தம்மையும் விட்டுவைக்காத தராசே! தங்கள் பரிசோதனை இன்று இப்பிரிவின் அன்றாட நடைமுறை. அதன் விலை இன்னதென அறிந்தவர்கள் ஆதலால் கைதட்டத் தயங்குகிறோம், எழுந்து நிற்கிறோம்.

நேற்று, தங்கள் கடைசி நோயாளி ஒரு தையற்காரப் பெண்மணி. அவருக்கும் படை எழவில்லை. சொன்னீர்கள். "ஆபரேஷன் அன்னிக்கு நீங்க இருப்பீங்களாம்மா?" என்றார்.

"மாட்டேன். என் வேலை முடிஞ்சிருச்சு. இவங்க இருப்பாங்க," என்று எங்களைக் காட்டினீர்கள்.

நெடிது வாழ்க, அம்மையீர்! தொலைபேசி ஒலித்தால் திடுக்கிடாத காலைகள் தங்களுக்கு வாய்க்கட்டும். நோயணுகா உடலும் நிறைந்த உறக்கமும் நிலைக்கட்டும்! தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை. அடுத்த வாரமும் யாரோ ஒருவர் வந்து அமரத்தான் போகிறார். எதிரே நாங்கள் இருப்போம்.

இவண்,
சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ப் பிரிவின்
மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகப் பணியாளர்கள்