அம்மாவைப் பேட்டி எடுத்தவள்

மழை விட்ட ஒரு மாலையில் எண்ணூரிலிருந்து வண்ணாரப்பேட்டைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட, தூரத்துக் கப்பல்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்தன. முன் இருக்கையில் இரண்டு இளம்பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா நேத்து என்னை ‘நீங்க’ன்னு கூப்ட்டுச்சுடி.”

“இன்னாடி சொல்ற?”

“மீன் விக்கிற பொம்பளைங்களப் பத்தித்தான என் ஆராய்ச்சி? அம்மாவையும் பேட்டி எடுத்தேன். மத்தவங்களக் கேக்குற மாதிரியே கேக்கணும்னு நான்தான் மொதல்ல ‘நீங்க’ன்னு ஆரம்பிச்சேன். அதுவும் அப்டியே பேசிச்சு.”

“இன்னா கேட்ட?”

“சின்ன வயசுல இன்னா ஆசை இருந்துச்சுன்னு. மாதா கோயில் பாட்டுக் குழுவுல பாடிகினு இருந்துச்சாம். கல்யாணத்தோட நின்னுபோச்சாம்.”

“உனக்குத் தெரியாதா?”

“தெரியாது. வூட்ல யார்கிட்டயாவது இதச் சொல்லிக்கீறீங்களான்னு கேட்டேன். ‘ஒரு பொண்ணு கீறா. அவ கேட்டதில்லீங்க’ன்னு சொல்லிச்சு.”

தோழி அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அப்பால?”

“போன்ல ரெக்கார்டிங்க நிறுத்திட்டேன். பக்கத்துல போயி ஒக்காந்து, ‘ம்மா, ஒரு பாட்டு பாடேன்’னு கேட்டேன்.”

“பாடிச்சா?”

“மொதல்ல வெக்கப்பட்டுச்சு. அப்பால கண்ண மூடிகினு பாடிச்சு.”

“அத ஆராய்ச்சில எழுதுவியா?”

“மாட்டேன்டி. அது எனக்குப் பாடினது.”