வடக்குச் சாலை லாரிகள்: மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு அக்கரையிலிருந்து ஓர் அஞ்சலி

மேடையில் வீற்றிருக்கும் மொழிபெயர்ப்புத் துறைத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற தளபதி ஐயா அவர்களே, அக்காவின் அருமை மகளே, மருமகனே, அவரோடு பணியாற்றிய நண்பர்களே, இந்த மழையிலும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே! ஆற்றின் அந்தக் கரையிலிருந்து வந்திருப்பவனின் வணக்கம்.

என்னை இங்கே பேச அழைத்தது சின்ன விஷயம் அல்ல. இன்று காலை பாலத்துத் தடுப்பை எனக்காக மட்டும் தூக்கினார்கள். நான் நடந்து வந்தபோது முன்னாலும் துப்பாக்கி, பின்னாலும் துப்பாக்கி. இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. உங்கள் வீட்டுச் சாவுகளில் எங்கள் நாட்டுக்குப் பங்கு உண்டு. எங்கள் வீட்டுச் சாவுகளில் உங்கள் நாட்டுக்கும் உண்டு.

உங்கள் மொழியில்தான் பேசுகிறேன். உச்சரிப்பில் பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா பொறுத்ததே இல்லை. எல்லைப் பேச்சுவார்த்தை மேசையில் நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் எதிரிலிருந்து மெல்ல இருமுவார். இங்கே இருந்திருந்தால் இதற்குள் இருமத் தொடங்கியிருப்பார்.

யார் அந்த அம்மையார்? அரசாங்கக் குறிப்பில் அவர் தலைமை மொழிபெயர்ப்பாளர். உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் அக்கா. எனக்கு? அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அந்தக் கட்டடத்தை உங்களில் பலர் தொலைவிலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரே அறை. நீண்ட மேசை. உங்கள் பக்கம் ஒரு கதவு, எங்கள் பக்கம் ஒரு கதவு. தண்ணீர்க் கூஜாகூடத் தனித்தனி. எங்கள் தளபதி பேசுவதை அக்கா உங்கள் மொழியில் சொல்வார். உங்கள் தளபதி பேசுவதை நான் எங்கள் மொழியில் சொல்வேன். எங்கள் தலைமுடி நரைக்கும்வரை இப்படியே எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் அந்த நாற்காலிகளுக்கு எப்படி வந்தோம்? அந்தக் காலத்தில் இந்த ஆற்றில் படகு போய்க்கொண்டிருந்தது. மீன் வலைக்காகச் சண்டை நடக்கும், சாயங்காலம் சமாதானம் ஆகும். பிறகு பனிப்போர் வந்தது. அமெரிக்கா ஒரு பக்கம், சோவியத் யூனியன் ஒரு பக்கம் என்று உலகமே இரண்டாக நின்ற காலம். இந்தச் சின்ன ஆற்றுக்கும் இரண்டு காவலர்கள் கிடைத்தார்கள். எந்தக் கரையில் யார் என்பதா முக்கியம்? இங்கே மலைமேல் ராடார் வந்தது. அங்கே காட்டுக்குள் ஏவுகணை வந்தது. இரண்டு கரைக்கும் ஆலோசகர்கள் வந்தார்கள்.

அக்காவை ஒரு வல்லரசின் தலைநகரத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். என்னை மற்றதன் தலைநகரத்துக்கு. பக்கத்துக் கரையின் மொழியைக் கற்றுக்கொள்ள நான் கண்டம் தாண்டிப் போனேன்! இந்த ஆற்றைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் எனக்கு உங்கள் மொழியைச் சொல்லித் தந்தார். என் பாடப்புத்தகத்தின் முதல் வாக்கியம், “கையைத் தூக்கு. உன் படை எங்கே இருக்கிறது?” பல வருஷம் கழித்து அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் புத்தகத்தின் முதல் வாக்கியமும் அதுதான் என்றார்.

முதல் கூட்டத்தில் எனக்குத் தொண்டை கட்டிப் பேச்சு நின்றுவிட்டது. எங்கள் கூஜா காலி. சரணடையச் சொல்ல எனக்கு உங்கள் மொழியில் தெரியும். தண்ணீர் கேட்கத் தெரியாது. அக்கா எழுந்து தன் கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி என் பக்கம் தள்ளினார். மேடையில் இருக்கும் தளபதி ஐயா அன்று இளம் அதிகாரி. ஒரு கோட்டையையே தூக்கிக் கொடுத்துவிட்ட மாதிரி அவர் அக்காவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐயா சிரிக்கிறார். அவருக்கும் நினைவிருக்கிறது.

அந்த அறையின் பின்சுவரை ஒட்டி, இரண்டு பக்கமும் சில நாற்காலிகள். ஆலோசகர்கள் அங்கேதான் உட்காருவார்கள். பேசமாட்டார்கள். துண்டுச் சீட்டு எழுதி முன்னால் அனுப்புவார்கள். தளபதிகள் அதை வாசிப்பார்கள். அப்படி வந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்லியாகவேண்டும். “வடக்குச் சாலையில் எரிபொருள் லாரிகள் நகர்ந்தால் அது தாக்குதலுக்கான தயாரிப்பு.” வேறொரு கண்டத்தில், இரண்டு வல்லரசுப் படைகள் நேருக்கு நேர் நின்ற சமவெளிக்காக யாரோ வகுத்த விதி அது. சாலையின் பெயரை மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். எங்கள் ராணுவப் பள்ளியில் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள்.

ஒரு குளிர்காலத்தின் தொடக்கத்தில் உங்கள் வடக்குச் சாலையில் லாரிகள் நகர்ந்தன. முகாம்களில் அடுப்பு எரிக்க எண்ணெய் கொண்டுபோன லாரிகள். எங்கள் பக்கம் வாய்ப்பாட்டைப் பார்த்தது. பீரங்கி முழங்கியது. சாலையோரக் காவல்சாவடியில் செத்த சிப்பாய்களில் ஒருவர் அக்காவின் ஒரே தம்பி.

அடக்கம் முடிந்த கையோடு பேச்சுவார்த்தை. அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். எதிரில் உட்கார்ந்தார். எங்கள் தளபதி அந்த லாரி வாக்கியத்தை வாசித்து, நடந்தது தற்காப்பு நடவடிக்கை என்றார். அக்கா அதை உங்கள் மொழியில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குரல் பிசிறவில்லை. தன் தம்பியைக் கொன்றதற்கான நியாயத்தைத் தன் வாயாலேயே தன் நாட்டுக்குச் சொன்னார்! என்ன பிறவி அது! எப்படி முடிந்தது அவரால்?

இடைவேளையில் வாசல் நடையில் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போனேன். எப்படி முடிந்தது என்று மட்டும் கேட்டேன்.

“நான் தப்பாச் சொன்னா இன்னொருத்தியோட தம்பி போவான்,” என்றார். பிறகு, “குளிருது, உள்ள போ தம்பி,” என்றார்.

அதுவரை என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து கடைசிவரை ‘தம்பி’. எங்கள் குண்டு பறித்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார். அந்தச் சொல்லை நான் எப்படித் தாங்கினேன் என்று கேட்காதீர்கள். இன்றும் யாராவது என்னைத் தம்பி என்றால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு ஒரு வல்லரசு உடைந்தது. மற்றது வேறு வேலையைப் பார்க்கப் போனது. பனிப்போர் முடிந்தது என்று வானொலி சொன்னது. ஆலோசகர்கள் பெட்டியைக் கட்டினார்கள். எதை எடுத்துப்போனார்கள்? குடும்பப் படங்களை எடுத்துப்போனார்கள். எதை விட்டுப்போனார்கள்? ராடாரை, ஏவுகணையை, வரைபடத்துக் கோடுகளை, அந்த வாக்கியத்தை. பின்சுவர் நாற்காலிகளும் அங்கேயே இருந்தன. யாரும் அவற்றில் உட்காரவில்லை. ஆனால் தளபதிகள் பதில் சொல்லும் முன் ஒருதடவை பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். பனிப்போர் காலத்தில் சிறுபிள்ளைகளாக இருந்த தளபதிகளும் அப்படித்தான் பார்த்தார்கள். பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று அவர்களுக்கே தெரியாது.

இன்று உலகத்துச் செய்திகளைப் பாருங்கள். எத்தனை எல்லைகளில் அந்தக் காலத்துக் கூட்டணி, அந்தக் காலத்து ஆயுதம், அந்தக் காலத்துச் சந்தேகம்! ஆயுதத்தைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. பயம் மட்டும் காலாவதியாகவில்லை. எல்லாம் வல்லரசுகள் செய்த வினை என்று நான் ஒருமுறை பொரிந்து தள்ளினேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாத்தையும் அவங்க தலையில கட்டாதே. துப்பாக்கி அவங்க குடுத்தது. விரல் நம்மளோடது,” என்றார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் வடக்குச் சாலையில் மறுபடி லாரிகள் நகர்ந்தன. உங்களுக்குத் தெரியும். ஓய்வில் இருந்த அக்காவை அரசாங்கம் கூப்பிட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே வந்து எதிரில் உட்கார்ந்தார். எங்கள் தளபதி அறிக்கையை வாசித்தார். சாயங்காலத்துக்குள் லாரிகள் திரும்பாவிட்டால் தாக்குதலாகக் கருதுவோம் என்றார். காரணமாக அந்தப் பழைய வாக்கியம், எழுத்துப் பிசகாமல்.

அக்கா மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

மொழிபெயர்ப்பாளர் தன் பேச்சைப் பேசக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் விதி. வாழ்நாளில் முதல்தடவையாக அக்கா அதை மீறினார். முதலில் எங்கள் மொழியில் எங்கள் தளபதியிடம் கேட்டார். பிறகு அதையே உங்கள் மொழியில் உங்கள் தளபதியிடம் கேட்டார்.

“இந்த வாக்கியத்தை நான் முன்னாடியும் சொல்லியிருக்கேன். என் தம்பி செத்த வாரம் சொன்னேன். இதை எழுதினவர் ஊருக்குப் போயிட்டார். இது யாரோட பயம்? ஒருதடவை கேட்டுப் பாருங்க. அந்த லாரி எதுக்குப் போகுதுன்னும் கேளுங்க.”

எங்கள் தளபதி காகிதத்தைக் கீழே வைத்தார். கேட்டார். வெறுமே, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். உங்கள் தளபதி தயங்கினார். ஏன் தயங்கினார் என்று எனக்குத் தெரியும். பலவீனத்தை எதிரியிடம் சொல்லாதே என்று அவருக்கும் ஒரு வாய்ப்பாடு கற்றுக்கொடுத்திருந்தார்கள். கடைசியில் சொன்னார். தெற்குச் சாலை வெள்ளத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர்களுக்கு எண்ணெய் கொண்டுபோக வேறு வழியில்லை. அவ்வளவுதான். அவ்வளவேதான்!

அன்று சாயங்காலம் பீரங்கி முழங்கவில்லை. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் அதனால் உட்கார்ந்திருக்கிறோம்? கணக்குப் போட முடியுமா? முழங்காத பீரங்கிக்கு யாராவது நினைவுத்தூண் கட்டுவார்களா?

கட்டவில்லை. நாட்டின் பலவீனத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று அக்காவைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள். பேச்சுவார்த்தைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது. அவர் மகள் இங்கே இருக்கிறார், அவர்தான் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினார். இந்த மண்டபம் நிரம்பாததற்கும் அதுதான் காரணம். வந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நீங்கள் வந்தது பெரிய விஷயம்.

அன்றைய கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். பயமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டேன்.

“பயம்தான் தம்பி. ஆனா இது என் சொந்தப் பயம்,” என்றார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மூச்சுத்திணறல் முற்றியதாகவும், கடைசி நாட்களில் தூக்கத்தில் இரண்டு மொழிகளிலும் மாறி மாறிப் பேசியதாகவும் மகள் சொன்னார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அன்பர்களே, ஒன்று சொல்லட்டுமா? எங்கள் தளபதிகளின் குரல் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. அவர்களுடைய மிரட்டல், அவர்களுடைய கோபம், அவர்களுடைய பொய் எல்லாம் அக்காவின் குரலில்தான் என் காதில் இருக்கின்றன. வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்கிறது. என் நாடு என்னிடம் இறந்துபோன ஒரு பெண்ணின் குரலில் பேசுகிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

வேலையைத்தான் செய்வேன். லாரிகள் இப்போதும் நகர்கின்றன. இந்த முறை எங்கள் பக்கம். உங்கள் ராடார் பார்த்துக்கொண்டிருக்கும். வருகிற கூட்டத்துக்கு அக்காவின் இடத்தில் உட்காரப்போகும் சகோதரி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அம்மா, உங்களை எனக்குத் தெரியாது. நீங்களும் என்னை நம்பவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் உங்கள் முன்னால், அக்காவின் மகள் முன்னால், இந்தச் சபையின் முன்னால் உறுதி சொல்கிறேன். எங்கள் லாரிகள் எங்கே போகின்றன என்று நீங்கள் கேளுங்கள். உங்கள் தளபதி கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். எங்கள் தளபதி பதில் சொல்லும்வரை நான் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கமாட்டேன். என்னைத் துரோகி என்று சொல்லட்டும். எங்கள் வீட்டிலும் ஜன்னல்கள் இருக்கின்றன.